வில்லன் ஏன் சாகவில்லை என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள சாமி,

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இதை நம் சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில்தான் போடப்போகிறேன். எனக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு பொய் ஊர் முழுக்கச் சொல்லப்பட்டது. அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த உனக்கும் சொல்லப்பட்டது. ஊருக்குச் சொன்ன பொய்க்கு நான் வீட்டுக்குள் உட்கார்ந்து குசுகுசுவென்று பதில் சொன்னால் என்ன பிரயோஜனம்? அந்தக் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்கிற உன் தாய்மாமனும் இதைப் படிப்பார். படிக்கட்டும். அவர் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவசரப்படாமல், எழுத்துப் பிழை இல்லாமல், மீதியிருக்கிற இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய். கல்யாணப் புடவை விஷயமாக இருக்கும் என்று எடுத்தேன். நீ கேட்டது வேறு. "ஏனுங்ப்பா, கெங்கவல்லி டீச்சர் கூப்பிட்டாங்க. நீங்க டைஸ்ல ஏமாத்தறீங்களாமா? அந்த வில்லனைச் சாகவே உட மாட்டேங்கறீங்களாமா? ஆருங்ப்பா அவன்?" நான் "அடுப்புல பால் இருக்குது சாமி, அப்பறம் கூப்படறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன் கேள்விக்குப் பதில் சொல்லப் பதினேழு வருஷத்தைத் திறக்க வேண்டியிருந்தது. அது போனில் நடக்கிற காரியமா?

குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு இந்த ஆட்டம் என்னவென்று தெரியாது. பாதிப் பேர் நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீட்டு இல்லை. நாலு பேர் நாலு ஊரில் இருந்துகொண்டு, காதில் மைக் வைத்த ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சேர்ந்து ஒரு கதையைப் பேசிப் பேசியே நடத்துவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அவனைத் துரத்துகிறேன் என்று சொல்வார்கள். அது பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் கதை நடக்கிற ஊர் இன்னும் எழுபது வருஷம் கழித்து வரப்போகிற சேலம். இந்த மாதிரிக் கதைக்கு சைபர்பங்க் என்று பெயர். அந்தக் காலத்தில் அரசாங்கம் பேருக்குத்தான் இருக்கும், கம்பெனி வைத்ததுதான் சட்டம். மனிதர்கள் கண்ணைக் கழற்றிவிட்டு காமிரா வைத்துக்கொள்வார்கள், கையைக் கழற்றிவிட்டு இயந்திரம் மாட்டிக்கொள்வார்கள். இதையெல்லாம் புதிதாக ஆட வருகிறவர்களுக்காக ஒவ்வொரு ஞாயிறும் நடத்திக்கொண்டிருந்தவள் நீ. கல்யாண வேலை வந்ததும் என்னிடம் ஒப்படைத்தாய்.

என்னை அதில் இழுத்துவிட்டது எப்போது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரடங்கில் நீ வீட்டுக்கு வந்திருந்தாய். "ஒரு ஆள் கொறையுதுங்ப்பா, சும்மா வந்து ஒக்காருங்க" என்றாய். எனக்கென்று ஒரு பாத்திரத்தை எழுதி நீட்டினாய். அந்த ஆளுக்கு வலது கை இரும்பு. அஞ்சு விரலும் இருக்கிற கை, லாரி டயரைக் கழற்றாமலே தூக்குகிற கை. நான் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "புடிக்கலீங்களாப்பா?" என்று கேட்டாய். பிடிக்காமல் என்ன. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, தும்மல் வருகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். என் கை போன விஷயத்தில் நீ எனக்குச் செய்த முதல் மரியாதை அதுதான். அதுவரை அந்தக் கையைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. ஏன் பேசவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடித்துவிட்டுக் கையை விட்டவனிடம் என்ன பேச?

நான் குடிக்கவில்லை சாமி. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், வழக்கம்போல் சுற்றி வளைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் வாழ்நாளில் தொட்டதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போர் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போகிறவன், மாசக்கணக்கில் வெயிலில் நிற்கிறவன், எப்போதாவது குடித்திருக்கிறேன். அன்றைக்குக் குடிக்கவில்லை. அந்த வாரமே குடிக்கவில்லை. காலையில் டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. உன் மாமனுடைய போர்வெல் வண்டி, நான் அதில் டிரில்லர். சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் குழி போட்டுக்கொண்டிருந்தோம். குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடுகளைத் தூக்கி நிறுத்த ஒரு கம்பிக் கயிறு உண்டு, நாங்கள் ரோப்பு என்போம். அந்த ரோப்பு நடுவில் புரி பிரிந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளே உன் மாமனுக்குப் போன் போட்டேன். "ரோப்பு பிரிஞ்சு போச்சுங்க மச்சான். மாத்தாம ஓட்டறது ஆகாதுங்க." அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அதைச் சிரித்தார். பிறகு சொன்னார்: "மாப்ளே, இந்த ஒரு பாயிண்ட்ட முடிச்சுருங்க. அடுத்த ஊர்ல மாத்திக்கலாம். நம்ம ஆளுதானே நீங்க." நம்ம ஆள் என்று சொன்னால் எனக்கு எதிர்த்துப் பேச வராது. அது அவருக்குத் தெரியும். மறுநாள் பத்து மணிக்கு ரோப்பு அறுந்தது. ராடு இறங்கியது. என் கை நடுவில் இருந்தது. மூன்று விரல் அங்கேயே போய்விட்டது.

மூன்றாவது நாள் உன் மாமன் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். வழக்கமான சிரிப்பு. "மாப்ளே, ரோப்பு அறுந்து போச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஒரு ஆளும் நம்ம வண்டியில ஏற மாட்டான். நீங்க கொஞ்சம் தண்ணி போட்டிருந்தீங்கன்னு சொல்லிக்கலாம். இங்கத்த ஆளுகளுக்குத்தானே, ஊருக்கு ஆரு போயிச் சொல்லப்போறா? உங்க பொண்டாட்டி பொறந்த ஊட்டு வண்டிங்க மாப்ளே. பேரு கெட்டா அவளுக்கும்தானே கேடு?" நான் தலையாட்டினேன்.

இதுதான் என் தப்பு. இதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் எழுதினால் நானும் அவரைப் போலத்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பெண் எடுத்த வீட்டின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்கிற வெறும் பெருமைக்காக என் பெயரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெரிய மனுஷத்தனம் பண்ணுகிறோம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். நம் பக்கத்து ஆண்களுக்கு இந்த வியாதி உண்டு. மாமனார் வீட்டுக்காரர்கள் முன்னால் எதையும் விட்டுக்கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வோம். நீ கட்டிக்கப்போகிற பையனுக்கும் அது இருக்கும், பார்த்துக்கொள். நம் வீட்டு மரியாதைக்காக அவன் எதற்காவது தலையாட்டினால் அன்றைக்கே உட்கார வைத்துக் கேள். நீயும் அவன் வீட்டுக்காக எந்தப் பொய்க்கும் தலையாட்டாதே.

இருபது நாள் கழித்து நான் வீட்டுக்கு வந்தேன். சேதி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. சத்தீஸ்கர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய பொய்யை உன் மாமன் தன் ஊரான வெண்ணந்தூரில் டீக்கடை, நூல்கடை, கல்யாணம், காதுகுத்து என்று ஒரு இடம் விடாமல் சொல்லியிருந்தார். "என்ன பண்றது, மாப்ள நல்ல ஆளுதான், தண்ணிதான் கெடுத்துப் போடுச்சு" என்று என்மேல் இரக்கப்பட்டே சொல்லியிருக்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். நீ பள்ளிக்கூடத்துச் சட்டையோடு ஓடி வந்தாய். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ எம்பி என் முகத்துக்குக் கிட்டே வந்தாய். முத்தம் கொடுக்கத்தான் வருகிறாய் என்று குனிந்தேன். நீ என் வாயை முகர்ந்து பார்த்தாய். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னிக்கு இல்லீங்மா" என்று சொன்னாய்.

இன்றைக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ புத்தகப் பையோடு என் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாய். நானும் நிற்பேன். உன்னைத் திட்டவில்லை, உன்மேல் கோபமும் இல்லை. கோபம் முழுக்க அந்த ஆள்மேல். மூன்று விரலுக்காக நான் அவரை மன்னித்தாலும் மன்னித்திருப்பேன். அந்த முகர்தலுக்காக மன்னிக்க மாட்டேன். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் போனேன், சிரித்தேன், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் உன்னை விட மாட்டேன்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஆட்டத்தை என்னிடம் கொடுத்தபோது புதிதாக மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். சேலத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ஸ்டெல்லா, நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பெயின்ட் அடிக்கிற குமரேசன், கெங்கவல்லிப் பக்கத்துக் கணக்கு டீச்சர். முதல் வாரம் நான் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். நடுவில் குமரேசனுடைய மைக்கில் குறட்டைச் சத்தம் வந்தது. உன்னிடம் புலம்பினேன். "விதியெல்லாம் சொல்லாதீங்க. கதவைத் தொறந்து உட்டுட்டு, இப்ப நீங்க என்ன பண்றீங்கன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க" என்றாய். அடுத்த வாரம் அப்படியே செய்தேன். "ஐந்து ரோட்டில் ஒன்பது அடுக்குப் பாலத்துக்கு அடியில் நிற்கிறீர்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது. எதிரில் தண்ணீர்க் கம்பெனி வண்டி, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான். நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். பிறகு குமரேசன் சொன்னான்: "வண்டிய எடுத்துர்லாங்ண்ணா." அதற்குப் பிறகு அவன் தூங்கவே இல்லை.

அந்தத் தண்ணீர்க் கம்பெனிக்கு ஒரு முதலாளி வேண்டியிருந்தது. மண்ணுக்கடியில் இருக்கிற தண்ணீர் அத்தனையும் அவனுடையது, ஒவ்வொரு குழாய் வாயிலும் அவன் பூட்டு. தினமும் காலை ஆறு மணிக்கு விளக்குக் கம்பங்களில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் ஊருக்கே வணக்கம் சொல்வான். பேசுவதற்கு முன்னால் சிரிப்பான். கிராம்பு மெல்லுவான். யாரைக் கவிழ்ப்பதாக இருந்தாலும் "நம்ம ஆளுதானே" என்று தோளில் கை போடுவான். இதையெல்லாம் நான் யோசித்து உருவாக்கவில்லை, வாயைத் திறந்தேன், அவர் வந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று பேருக்கும் அவனைப் பார்த்த மாத்திரத்தில் பற்றிக்கொண்டு வந்தது. "இவனை நாங்க உட மாட்டோம்" என்று ஸ்டெல்லா பல்லைக் கடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பதினேழு வருஷத்தில் என் பக்கம் நின்ற முதல் ஆட்கள் இவர்கள்தான். எதற்காக நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அப்புறம் ருசி கண்டுவிட்டேன். ஒரு வாரம் அவனுடைய காமிராக் கண்ணைப் பிடுங்கினார்கள். ஒரு வாரம் அவனைச் சாயத்தண்ணீர் ஓடுகிற திருமணிமுத்தாற்றில் முட்டிபோட்டு நடக்க வைத்தார்கள். ஒரு வாரம் அவன் வீட்டு விருந்தில் அவன் சொந்தக்காரர்கள் முன்னால் வேட்டியை உருவினார்கள், அது குமரேசனுடைய யோசனை. ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவனைக் கொல்லப் போவார்கள். அப்போது நான் பகடையை உருட்டுவேன். அது பத்து முகப் பகடை, எட்டுக்கு மேல் விழுந்தால் அவன் தப்பித்தான். ஆட்டம் நடத்துகிறவன் மட்டும் யாருக்கும் தெரியாமல் உருட்டிக்கொள்ள அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறது. என்ன விழுந்தாலும் "ஒன்பது, தப்பிச்சுட்டான்" என்று சொல்லிவிடுவேன். அவன் செத்துவிட்டால் அடுத்த வாரம் நான் யாரை அவமானப்படுத்துவது? எனக்கு அவன் உயிரோடு வேண்டும். தினம் தினம் வேண்டும்.

டீச்சர் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. போன மாசக் கடைசி ஞாயிறு, வில்லன் மறுபடியும் தப்பித்ததும் அவர் மெதுவாகப் பேசினார். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? நான் கணக்கு டீச்சர். இந்த ஆளுக்காக நீங்க மறைச்சு உருட்டுனது எட்டு தடவை. எட்டு தடவையும் எட்டுக்கு மேலதான் விழுந்திருக்கு. நாங்க புதுசுதான் சார், முட்டாள் இல்ல." நான் அது தற்செயல் என்றேன். ஸ்டெல்லா உடனே, "அண்ணா, அவரைக் கொன்னா உங்களுக்கு என்ன போவுதுங்ண்ணா? ஏன் அவரைக் காப்பாத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். காப்பாற்றுகிறேனாம், நான், அந்த ஆளை! எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டரைப் படாரென்று மூடிவிட்டேன். பிறகு பின்கட்டில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? வாழ்க்கையிலும் பதினேழு வருஷமாக அவரைக் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறேன். நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லாமல் மனசுக்குள் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உனக்கு இதில் ஒரு புத்திமதி உண்டு. யாரையாவது பழிவாங்குவதாக இருந்தால் சீக்கிரம் வாங்கிவிடு. என்னை மாதிரி ஊறப்போடாதே.

நீ போன் பண்ணிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஏமாற்றியது நிஜம், இனிமேல் எல்லாப் பகடையும் உங்கள் கண் முன்னால் என்றேன். டீச்சர் "சரிங்க சார், ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர்கள் போனது வில்லன் காலை வணக்கம் சொல்கிற அறைக்கு. சுற்றி வளைத்துவிட்டார்கள். அவன் தப்பிக்கிறானா என்று எல்லோரும் பார்க்க உருட்டினேன். இரண்டு விழுந்தது. குமரேசன் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. "இப்போ அவன் உங்கள் கையில். நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். கொல்லுவார்கள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா சொன்னாள்: "கொல்ல வேண்டாங்ண்ணா. மைக்கை ஆன் பண்ணி உடறேன். இவன் பண்ணுனதுலயே பெரிய பாவம் எதுவோ அதை இவன் வாயாலயே ஊருக்குச் சொல்லட்டும்."

வில்லனுக்குப் பேசுகிறவன் நான். நான்தான் சொல்ல வேண்டும். அதற்காக எதுவும் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. வழக்கம்போல் முதலில் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன். அப்புறம் வாய் தானாகப் பேசியது. "ஒரு ஆளு எங்கிட்ட வேலை பாத்தான். ரோப்பு பிரிஞ்சு போச்சுங்கன்னு சொன்னான். நான் மாத்தலை. அவன் கை போயிருச்சு. அவன் குடிச்சிருந்தான்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். அவன் குடிக்கலை." ஆட்டத்தில் ரோப்பு என்று ஒன்று அதுவரை வந்ததே இல்லை. டீச்சர், தன் பாத்திரத்தின் குரலில் இல்லாமல் சொந்தக் குரலில் கேட்டார்: "அந்த ஆள் ஏன் சும்மா இருந்தாரு?" வில்லன் குரலில்தான் அதற்கும் பதில் சொன்னேன். "அவனுக்குப் பொண்டாட்டி பொறந்த ஊட்டுப் பேரு பெருசா தெரிஞ்சுது. ஊட்டுல ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கறது தெரியலை." அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. குமரேசன்தான், "அண்ணா, தண்ணி குடிச்சுட்டு வாங்க, நாங்க இருக்கறோம்" என்றான்.

தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பினால் பின்னால் உன் அம்மா நிற்கிறாள். கையில் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு, விலாசம் எழுதிக்கொண்டிருந்தவள். "ஏனுங்க, இப்பப் பேசுனது ஆருங்க? நீங்களா, எங்கண்ணனா?" என்று கேட்டாள். "குரல் உங்கண்ணனுது. சேதி என்னுது" என்றேன். மறுநாள் காலையில் தாய்மாமனுக்கென்று முதலில் எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்த பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு, வெண்ணந்தூருக்குத் தனியாகவே பஸ் ஏறினாள். தட்டும் இல்லை, பழமும் இல்லை, நானும் இல்லை. முதல் பத்திரிகையை அப்படி யாராவது கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாயா?

மத்தியானம் திரும்பி வந்தாள். ரோப்புதான் அறுந்ததா என்று கேட்டதற்கு அண்ணன் சிரித்தாராம். "அதெல்லாம் பழைய கதை ஆத்தா. உன்ற ஊட்டுக்காரருதானே அன்னிக்குத் தலையாட்டுனாரு" என்றாராம். உன் அம்மா என்னிடம் சொன்னாள்: "தலையாட்டுனாருன்னு அவன் வாயாலயே சொல்லிப்போட்டானுங்க. அப்ப நீங்க குடிக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது." பையிலிருந்து பத்திரிகையை எடுத்து என் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். கொடுக்காமலே கொண்டுவந்துவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும் மோந்து பாத்திருக்கறேனுங்க. நீங்க அசந்து தூங்கறப்ப" என்றாள். பதினேழு வருஷத்தில் நாங்கள் அதைப் பேசியது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

மச்சான், இதுவரைக்கும் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் பொய் சொன்ன ஊர் முழுக்க இப்போது உங்களோடு சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ போடுகிறீர்களா என்று பார்க்கிறேன். இல்லை என்று மறுப்பதாக இருந்தால் இதே குழுவில் மறுக்கலாம். உங்கள் தங்கை பதில் எழுதுவாள்.

சாமி, எனக்கு மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை. இதை எழுதும்போது வந்த சுகத்தை நான் மறைக்கவும் போவதில்லை. ஆனால் இது உன் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மேடையில் நின்றால் நாலு பேர் உன்னைத்தான் கேட்பார்கள், என்னைக் கேட்க மாட்டார்கள். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர் அவர். நீ அவர்மேல் வைத்திருக்கிற பிரியம் பொய்யில்லை. அதில் கை வைக்க எனக்கு உரிமையும் இல்லை. அதனால் அந்தப் பத்திரிகையை நான் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், நாளை மறுநாள் உன் கைக்கு வரும். பெயர் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறது, மஞ்சள் காய்ந்திருக்கும். அவரைக் கூப்பிட்டு மண்டபத்து மைக்கைக் கையில் கொடுத்து அந்த ஒரு வரியைச் சொல்ல வைப்பாயோ, ஒன்றும் கேட்காமல் கூப்பிடுவாயோ, கூப்பிடவே மாட்டாயோ, எனக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் நான் வந்து நிற்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். இந்தத் தடவை எதையும் மறைத்து உருட்டவில்லை. எல்லாம் உன் கண் முன்னால்தான் இருக்கிறது.

கதவைத் திறந்துவிட்டேன். இப்போது நீ என்ன பண்ணுகிறாய்?

உன் அப்பா